பதினோரு வருடக் கையெழுத்து

அந்தக் கம்பெனியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. மாடியில் இருப்பவர்களுக்கு அவள் 'துணைத் தலைவர்'. கீழே சூளைப் பக்கம் இருப்பவர்களுக்கு முகத்துக்கு நேரே 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'பூதக்கண்ணாடி'. கடைசிப் பெயர்தான் அவளுக்குப் பொருத்தமானது, அவளுக்குப் பிடித்ததும் அதுதான். மருந்துப் பாட்டில் செய்கிற அவ்வளவு பெரிய கம்பெனியில், ஆயிரத்து எண்ணூறு பேர் சேர்ந்து செய்கிற பாட்டிலில், தலைமுடி அகலத்தில் ஒரு கீறல் இருந்தாலும் அது அவள் கண்ணுக்குத் தப்பாது.

இருபத்தொரு வயதில் சோதனைப் பிரிவில் சேர்ந்தாள். விளக்குப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, பெல்ட்டில் நகர்ந்து போகும் பாட்டில்களை நிமிடத்துக்கு அறுபது வீதம் பார்க்க வேண்டும், ஆகாததைப் பிடுங்கிப் போட வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்கிற அந்த வேலை வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. தண்ணீர் டம்ளரைக்கூட வெளிச்சத்துக்கு நேரே தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள். கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், பேச்சுக்குப் பஞ்சமில்லாத மனிதர். கல்யாணமான புதிதில், "என்னையும் இப்படித் தூக்கிப் பார்த்துட்டுத்தான் சரின்னு சொன்னியா?" என்று கேட்டார். "ரெண்டு மூணு குமிழி இருந்துச்சு. போனாப் போகட்டும்னு விட்டுட்டேன்" என்றாள்.

பாட்டிலில் குமிழி பெரிய விஷயமில்லை. இறுக்கம்தான் ஆபத்து. சூளையிலிருந்து வரும் கண்ணாடி பதறாமல் ஆற வேண்டும். உற்பத்திக்காரர்கள் கணக்குக் காட்டுவதற்காக அவசரப்படுத்தி ஆற வைத்தால், கண்ணாடிக்குள் ஓர் இறுக்கம் தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது, பாட்டில் பளபளவென்றுதான் இருக்கும். ஒரு வாரம் கழித்து யாரும் தொடாமலே விரிசல் விட்டு உடையும். நிறம் காட்டுகிற ஒரு விளக்கு இருக்கிறது. அதன் அடியில் வைத்தால் இறுக்கம் உள்ள இடத்தில் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கோடுகள் தெரியும். எந்த அளவு மஞ்சள் வரை விடலாம், எதற்கு மேல் விடக்கூடாது என்பதில்தான் மொத்த வேலையும் இருந்தது. அதைப் புத்தகம் பாதிதான் சொல்லும். மீதியைக் கண் சொல்ல வேண்டும்.

ஒவ்வொரு லாட்டுக்கும், அதாவது ஒரே தடவையில் செய்த பாட்டில் தொகுதிக்கும், ஒரு வெள்ளைக் கார்டு உண்டு. அதில் 'விடு' அல்லது 'நிறுத்து' என்று முத்திரை குத்தி, தரத்துறைத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்து இல்லாமல் லாரி நகராது.

பதினோரு வருடத்துக்கு முன்னால் அவள் அந்தத் துறையின் துணைத் தலைவர் ஆனபோது, தலைவர் இல்லாத நேரத்தில் 'தலைவருக்காக' என்று எழுதித் தன் பெயரில் கையெழுத்துப் போட்டாள். மூன்று மருந்துக் கம்பெனிகள் அந்தக் கார்டுகளைத் திருப்பி அனுப்பின. தலைவரே போட்டால்தான் ஏற்போம் என்றன. தலைவருக்கோ முழங்கால் வலி. மாடிக்கும் கீழுக்கும் ஒரு நாளைக்கு ஆறு தடவை ஏறி இறங்க அவரால் ஆகாது.

"எதுக்கும்மா இந்தத் தொல்லை? பார்க்கறது நீ, முடிவு பண்றதும் நீ. என் கையெழுத்தையும் நீயே போட்டுடு. நான் சொல்றேன்ல?" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. மகளுக்குக் காய்ச்சல் என்றால் அவள் கேட்பதற்கு முன்பே லீவு கொடுப்பார். அவர் சொன்னதை அவள் ஓர் உத்தரவாக எடுத்துக்கொண்டாள், கொஞ்சம் பெருமையாகவும் எடுத்துக்கொண்டாள். கழித்துப்போட்ட கார்டுகளின் பின்புறத்தில் ஒரு வாரம் பழகினாள். பெரிய வளைவு, நடுவில் ஒரு முடிச்சு, கடைசியில் மேலே ஏறுகிற ஒரு கோடு. மாதம் முடிவதற்குள், "அக்கா, சார் கையெழுத்தைவிட உங்களோடதுதான் சார் கையெழுத்து மாதிரி இருக்கு" என்று கார்டு அடுக்கும் குமாஸ்தா சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அது ஒரு விஷயமாகவே யாருக்கும் தோன்றவில்லை.

அப்படி அவள் போட்ட கையெழுத்துகளில் இரண்டை மட்டும் அவளால் மறக்க முடியவில்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு முழு லாட்டை நிறுத்தினாள். உற்பத்தித் தலைவர் மேஜையைத் தட்டிக் கத்தினார், மாடியிலிருந்து மூன்று போன் வந்தது. அவள் அசையவில்லை. ஒன்பதாம் நாள் கிடங்கில் அந்தப் பாட்டில்கள் பட் பட்டென்று தானாக உடைய ஆரம்பித்தன. கம்பெனி தப்பித்தது. ஆண்டு விழாவில் தலைவருக்குக் கேடயம் கொடுத்தார்கள், அவள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள்.

இரண்டாவது, போன வருடத்துக்கு முந்தின வருடம் நடந்தது. அன்று மகளுக்குப் பள்ளியில் மயக்கம் என்று போன் வந்திருந்தது. கடைசி லாட்டில் மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக இருந்ததைப் பார்த்தாள், பரவாயில்லை என்று விட்டுவிட்டு ஓடினாள். வாங்கிய கம்பெனியின் நிரப்பும் இயந்திரத்தில் அந்தப் பாட்டில்கள் உடைந்தன. அங்கே வேலை செய்த ஒரு பெண்ணின் உள்ளங்கையில் பதினான்கு தையல். எச்சரிக்கைக் கடிதம் தலைவர் பெயருக்கு வந்தது. அவர் அதை மடித்து மேஜைக்குள் வைத்துவிட்டு, "போகட்டும் விடும்மா, எல்லாருக்கும் வர்றதுதான்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவள் இரண்டு வருடமாக அவருக்கு முன்னால் தலை குனிந்தே நடந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் தலைமையகத்திலிருந்து அந்தச் சுற்றறிக்கை வந்தது. வருட முடிவுக்குள் பத்துத் துறைத் தலைவர்களில் மூன்று பேராவது பெண்களாக இருக்க வேண்டுமாம். அதுவரை எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டால், ஒருவர்கூட இல்லை. சுற்றறிக்கையோடு சுவரொட்டியும் வந்தது. அதில் தலைக்கவசம் போட்ட ஒரு பெண் வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். கவசத்தைப் பின்பக்கம் முன்னால் வரும்படி போட்டிருந்தாள். அதைப் படம் பிடித்தவர், அச்சடித்தவர், ஒட்டியவர் எவர் கண்ணுக்கும் அது தெரியவில்லை. பூதக்கண்ணாடிக்கு மட்டும் தெரிந்தது.

தரத்துறைத் தலைவர் இரண்டு மாதத்தில் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் விண்ணப்பித்தார்கள். ஒன்று, அவள். இன்னொன்று, மேஜையைத் தட்டுகிற அதே உற்பத்தித் தலைவர். இரண்டு துறையையும் தானே பார்த்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்திருந்தார். அதாவது, பாட்டிலைச் செய்கிறவரே பாட்டிலுக்குச் சரி என்றும் கையெழுத்துப் போடுவார். அது நடந்தால் என்ன ஆகும் என்று நினைக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்தப் பதினான்கு தையல்தான் ஞாபகம் வந்தது. பதவி ஆசை இல்லையா என்றால், இருந்தது. நிறையவே இருந்தது. இருபத்திரண்டு வருடம் கண்ணைத் தேய்த்தவளுக்கு அது கூடாதா என்ன?

நேர்காணல் அன்று காலையில் வீட்டில் ஒருவரும் சரியாகச் சாப்பிடவில்லை. தேர்வுக் குழுவில் தலைமையகத்திலிருந்து ஒரு பெண் இயக்குநர், பணியாளர் அதிகாரி, ஓய்வு பெறப்போகும் தலைவர் என்று மூன்று பேர். "நீங்கள் சுயமாக எடுத்த முடிவுகளைச் சான்றுகளுடன் கொண்டு வரவும்" என்று கடிதத்தில் எழுதியிருந்தது.

"கொண்டு போயேன். அலமாரி நிறைய இருக்கே" என்றார் கணவர்.

"எல்லாத்துலயும் அவர் கையெழுத்து இருக்கு."

"போட்டது நீதானேம்மா? அதைச் சொல்லிடு" என்றாள் மகள்.

"சொன்னா நேரா வீட்டுக்குத்தான் வரணும். போன வருஷம் கிடங்குல ஒருத்தர், கூட வேலை பாக்குறவருக்கு வருகைப் பதிவுல ஒரே ஒரு கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஆள் இல்லை. நான் பதினோரு வருஷமாப் போட்டிருக்கேன்."

கணவர் தட்டை நகர்த்தி வைத்தார். "நானும் தினமும் பக்கத்து சீட்டுல உக்காந்து என் பக்கம் இருக்கிற தனி பிரேக்கை மிதிச்சுத்தான் வண்டியைக் காப்பாத்தறேன். ஆனா அது வாத்தியார் வண்டின்னு வெளியில போர்டு மாட்டியிருக்கு. உன் வண்டியில போர்டே இல்லையே" என்றார். வழக்கமாக அவர் பேச்சுக்குச் சிரிக்கும் மகள் அன்று சிரிக்கவில்லை.

கூட்ட அறையில் நீள மேஜைக்கு அந்தப்பக்கம் மூவரும் இருந்தார்கள். இயக்குநர் அம்மா குட்டையான, வெடுக்கென்று பேசுகிற பெண்மணி. முதல் கேள்விகளெல்லாம் சுலபமாகப் போயின. சூளை வெப்பம், இறுக்கம், மருந்துக் கம்பெனிகளின் புகார் எல்லாவற்றுக்கும் அவள் தடதடவென்று பதில் சொன்னாள். பணியாளர் அதிகாரி தலையாட்டிக்கொண்டே எழுதினார். அப்போதுதான் அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"சரி. பதினோரு வருஷத்துல நீங்களா எடுத்த முடிவு ஒண்ணு சொல்லுங்க."

அவள் தலைவரைப் பார்த்தாள். அவர் தண்ணீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாடி ஒரு பெரிய லாட்டை நிறுத்தினோம் மேடம்."

"நிறுத்தினோமா, நிறுத்தினீங்களா? சாருக்குத்தானே கேடயம் கொடுத்திருக்கு. கார்டுலயும் அவர் கையெழுத்துத்தானே இருக்கு?"

"ஆமாம் மேடம். சாரோட வழிகாட்டுதல்ல..."

சொல்லி முடிப்பதற்குள் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது அவளுக்கு. என்ன வழிகாட்டுதல்? அன்று அவர் ஊரிலேயே இல்லை. ஒரு வாய்ச்சொல் போதும். "ஆமா, அது அவங்க முடிவுதான்" என்று அவர் சொன்னால் போதும். அவள் காத்திருந்தாள். டம்ளரில் என்னதான் கண்டாரோ, அவர் நிமிரவே இல்லை.

"பாருங்க, எங்களுக்கும் ஒரு பெண்ணை உக்கார வைக்கணும்னு ஆசைதான்" என்றார் இயக்குநர் அம்மா. "ஆனா ஒப்புக்கு ஒருத்தரை உக்கார வெச்சா நாளைக்கு எல்லாரும் எங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க. உங்க பேர்ல ஒரு முடிவுகூட இல்லையே. உற்பத்தித் தலைவர் நாப்பது முடிவு எழுதிக் கொண்டு வந்திருக்கார்."

அந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது. சோதனைப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் தலையை நீட்டினாள். "அக்கா... மன்னிக்கணும். கீழ லாரி நிக்குது. மூணாம் சூளை லாட்டு. உற்பத்தி சார் விடச் சொல்லிச் சத்தம் போடறார். கார்டுக்கு ஆள் இல்லை."

தலைவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். இயக்குநர் அம்மா கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார்.

"வேண்டாம். இவங்க போகட்டும். நாங்களும் வர்றோம். முடிவு எப்படி எடுக்கறாங்கன்னு பார்த்துடலாம்."

அந்தப் பெண் முன்னால் ஓட, படியில் நால்வரும் இறங்கினார்கள். தலைவர் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கியதால் எல்லோரும் மெதுவாகவே போக வேண்டியிருந்தது. சோதனை அறையில் உற்பத்தித் தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் லாரி ஓட்டுநர், கார்டு அடுக்கும் குமாஸ்தா, விளக்குப் பலகையிலிருந்து எழுந்து வந்த நான்கு பெண்கள். தட்டில், சூளையிலிருந்து எடுத்த நேரத்தை எழுதி ஒட்டிய பன்னிரண்டு பாட்டில்கள்.

உள்ளே நுழைந்ததுமே அவளுக்கு மூச்சு சீரானது. இது அவள் இடம். மாடியில் கைகட்டி வாய்பொத்தி உட்கார்ந்திருந்தவள் வேறு யாரோ என்பதுபோல் விளக்கைப் போட்டாள், முதல் பாட்டிலை வைத்துத் திருப்பினாள். பிறகு இரண்டாவது. மூன்றாவதை அடிப்பக்கம் மேலே வரும்படி கவிழ்த்தாள். அடி வளைகிற குதிகாலில் ஆரஞ்சுக் கோடு வளையமாக ஓடியது. மீதி ஒன்பதையும் பார்த்து முடித்தாள்.

"எத்தனை மணிக்கு ஆத்துற பெல்ட் வேகத்தைக் கூட்டினீங்க?" என்று நிமிராமலே கேட்டாள்.

"யார் கூட்டினது? எப்பவும் போற வேகம்தான்" என்றார் உற்பத்தித் தலைவர்.

"காலையில நாலு மணிக்கு அப்புறம் வந்த பாட்டில் ஆறு. ஆறுலயும் ஒரே இடத்துல இருக்கு. பெல்ட் வேகம் மாறாம இது வராது சார்."

"புத்தகத்துல இந்த மஞ்சளுக்கு விடலாம்னுதான் இருக்கு!"

"இது மஞ்சள் இல்லை சார். ஆரஞ்சு. இதை விட்டா அங்க ஒருத்தர் கை கிழியும்." அவள் குரல் சற்று நடுங்கியது. மற்றவர்கள் அதைக் கோபம் என்று நினைத்திருப்பார்கள். "லாட் போகாது. கார்டுல 'நிறுத்து'தான்."

சோதனைப் பெண் கார்டை நீட்டினாள். அவள் முத்திரையைக் குத்தினாள், பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். கார்டை இயக்குநர் அம்மாவிடம் கொடுத்தாள். நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போல் இருந்தது. இதோ, பார்த்தாயிற்று, எல்லோர் முன்னாலும் முடிவெடுத்தாயிற்று. இனி யார் என்ன சொல்ல முடியும்?

அந்த அம்மா கார்டைப் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மறுபடி கார்டைப் பார்த்தார்.

"இது யார் கையெழுத்து?"

அவள் எட்டிப் பார்த்தாள். பெரிய வளைவு, நடுவில் முடிச்சு, மேலே ஏறும் கோடு. கை தன் பாட்டுக்கு, பதினோரு வருடமாகச் செய்ததையே செய்திருந்தது.

விளக்குப் பலகைப் பெண்கள் நால்வரும் தரையைப் பார்த்தார்கள். குமாஸ்தா கார்டு அடுக்குவதுபோல் அடுக்கி வைத்த கார்டுகளையே மறுபடி அடுக்கினார். முதலில் வாய் திறந்தது உற்பத்தித் தலைவர்தான்.

"அட! எங்க கண்ணு முன்னாடியே கள்ளக் கையெழுத்தா?"

"சார், இது உங்களுக்குத் தெரியுமா?" என்று பணியாளர் அதிகாரி தலைவரைக் கேட்டார்.

தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை. ஓய்வுக்கு இரண்டு மாதம் இருக்கிற மனிதர். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "இந்த மாதிரி நடக்குதுன்னு எனக்கு... எனக்குத் தெரியாது" என்றார்.

அவளுக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோபம் வந்தது, உள்ளங்காலிலிருந்து உச்சிவரை. இந்த மனிதருக்காகவா இரண்டு வருடம் தலை குனிந்தோம் என்று வந்த கோபம். அதோடு இருந்த பயமும் போயே போய்விட்டது. எப்படியும் வேலை போகிறது. போகிற வேலைக்கு என்ன மறைப்பு?

"மேடம், அலமாரியில அஞ்சு வருஷக் கார்டு இருக்கு. எல்லாம் நான் போட்டதுதான். சார் போடச் சொன்னார், நான் போட்டேன்."

"மாட்டிக்கிட்டதும் நல்லதையெல்லாம் நான்தான் பண்ணேன்னு சொல்றது சுலபம்" என்றார் உற்பத்தித் தலைவர். இயக்குநர் அம்மாவும் அதை மறுக்கவில்லை. "ஆதாரம்?" என்று மட்டும் கேட்டார்.

அவள் அலமாரியைத் திறந்தாள். கேடயம் வாங்கித் தந்த கார்டு இரண்டாவது தட்டில் இருந்தது. அவள் கை அதைத் தாண்டிப் போனது. நான்காவது தட்டிலிருந்து ஒரு கார்டை உருவி மேஜையில் வைத்தாள். 'விடு' என்று முத்திரை.

"முதல்ல இதைப் பாருங்க. அந்த மருந்துக் கம்பெனியில ஒரு பொண்ணுக்குக் கை கிழிஞ்சதே, அந்த லாட். மஞ்சள் அதிகமா இருந்ததைப் பார்த்தேன். பார்த்தும் விட்டேன். எனக்கு வீட்டுக்கு ஓடற அவசரம். எச்சரிக்கைக் கடிதம் சாருக்கு வந்துச்சு. வந்திருக்க வேண்டியது எனக்கு."

யாரும் அப்படி ஒன்றை எதிர்பார்க்கவில்லை. தப்பைத் தன்னுடையது என்று உரிமை கொண்டாட எவருக்கு ஆசை வரும்?

இயக்குநர் அம்மா கையிலிருந்த கோப்பைத் திறந்தார். அன்று காலை குழுவில் மூவரும் கையெழுத்திட்ட தாள் அதில் இருந்தது. பணியாளர் அதிகாரியை அனுப்பித் தலைவரின் கோப்பை வரவழைத்து, அதிலிருந்து எச்சரிக்கைக் கடிதத்தின் நகலையும் எடுத்தார், பெற்றுக்கொண்டதற்கு அவர் போட்ட கையெழுத்து கீழே இருந்தது. இரண்டையும் கார்டுக்குப் பக்கத்தில் விளக்குக்கு அடியில் வைத்தார்.

பார்க்கத் தெரிந்தவர்கள் நிறைந்த அறை அது. யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தலைவரின் கையெழுத்துக்கு வயதாகியிருந்தது. வளைவு சரிந்து, முடிச்சு அவிழ்ந்து, மேலே ஏற வேண்டிய கோடு பாதியில் நடுங்கி நின்றது. கார்டில் இருந்ததோ கம்பீரமாக நின்றது. அவள் பழகியது பதினோரு வருடத்துக்கு முந்தைய கையெழுத்து. அவர் கை மாறியது, அவள் கை மாறவில்லை. குமாஸ்தா அவசர அவசரமாகக் கார்டுகளை எடுத்து வைத்தார். இந்த வருடம், போன வருடம், அதற்கு முந்தைய வருடம். எல்லாவற்றிலும் அதே இளமையான கோடு, ஒன்றுகூட நடுங்கவில்லை.

"அஞ்சு வருஷத்துல நீங்க ஒரு கார்டுகூடப் போடலையா சார்?" என்று இயக்குநர் அம்மா கேட்டார்.

தலைவர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் போடச் சொன்னேன்" என்றார் கடைசியில். "படி ஏற முடியல மேடம். அப்புறம்... அதுவே பழகிடுச்சு. அவங்க போட்டா சரியா இருக்கும்னு எனக்குத் தெரியும்." அவளைப் பார்த்து ஏதோ சொல்ல வந்தார். அவள் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தாள். கேட்க அவளுக்கு மனமில்லை.

"லாரி இன்னும் நிக்குது மேடம்" என்று ஓட்டுநர் மெல்லச் சொன்னார்.

"அதான் போகாதுன்னு சொல்லியாச்சே" என்றார் இயக்குநர் அம்மா.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஒரு செய்தியும் இல்லை. அந்த மூன்று வாரம் அவள் பட்ட பாட்டை எழுதினால் தனிக் கதையாகும். விசாரணைக்கு இரண்டு தடவை கூப்பிட்டார்கள். அலமாரியைப் பூட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். கார்டுகளில் கையெழுத்துப் போட வேறு தொழிற்சாலையிலிருந்து ஓர் ஆள் வந்தார், சந்தேகம் வந்தபோதெல்லாம் அவளையே கேட்டார். தலைவர் லீவில் போனவர் திரும்பி வரவில்லை, அப்படியே ஓய்வுக் கடிதம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். உற்பத்தித் தலைவரிடம் பெல்ட் வேகத்தின் பதிவேட்டைக் கேட்டார்களாம். அவர் விண்ணப்பத்தை வாபஸ் வாங்கினார். வீட்டில் கணவர் வாயைத் திறக்காமல் பாத்திரம் கழுவினார். அவர் பேசாமல் இருப்பதைப் பார்த்தபோதுதான் நிலைமை எவ்வளவு மோசம் என்று அவளுக்கு உறைத்தது.

நான்காவது வாரம் பணியாளர் அதிகாரி அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். கையில் இரண்டு உறைகள்.

"முதல்ல இது. இதுக்குக் கையெழுத்துப் போட்டாத்தான் ரெண்டாவதைக் கொடுக்கச் சொல்லியிருக்காங்க."

முதல் உறையில் எச்சரிக்கைக் கடிதம். பிறர் பெயரில் கையெழுத்திட்டதற்காக ஒரு பத்தி. தவறான லாட்டை விட்டதற்காக ஒரு பத்தி. "தங்கள் கவனக்குறைவால் ஒரு தொழிலாளிக்குக் காயம் ஏற்பட்டது" என்று அவள் முழுப் பெயரையும் போட்டு எழுதியிருந்தது. தெரிந்த விஷயம்தான், அவளே சொன்னதுதான். இருந்தும் கருப்பு எழுத்தில் பார்த்தபோது கண் கலங்கியது. வெட்கம்தான். வெட்கம் மட்டும் என்றும் சொல்ல முடியாது. இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கம்பெனி அவளை ஒரு முடிவெடுத்தவளாக ஒப்புக்கொண்டு எழுதிய முதல் காகிதம் அது.

பேனாவை எடுத்தாள். ஒரு நொடி நிறுத்தி, கையை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள்.

இரண்டாவது உறையில், ஆறு மாதச் சோதனைக் காலத்துக்குத் தரத்துறைத் தலைவர் என்று நியமனம் இருந்தது.

பதவியேற்ற ஐந்தாம் நாள். மாடியில் துறைத் தலைவர்கள் கூட்டம். பத்து நாற்காலியில் ஒரே ஒரு பெண்ணாக அவள் உட்கார்ந்திருந்தாள். எதிரே உற்பத்தித் தலைவர் அவள் பேசும்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்த வருட இலக்கைப் பற்றி அவள் எதிர்த்துப் பேச வேண்டிய இடம் வந்துகொண்டிருந்தது, எழுந்து போனால் அது அவள் இல்லாமலே முடிவாகிவிடும். அப்போது போன் அதிர்ந்தது. சோதனைப் பெண்.

"அக்கா, ரெண்டாம் சூளை லாட்டு நிக்குது. நான் பார்த்துட்டேன், விடலாம். சுத்தமா இருக்கு. உங்களால இப்ப இறங்கி வர முடியாதுல்ல?"

"முடியாதும்மா. இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்."

"பரவால்லக்கா. நானே உங்க கையெழுத்தைப் போட்டுடட்டுமா? நாலு நாளா எழுதிப் பார்த்துட்டு இருக்கேன். அப்படியே வருது."

குரலில் கள்ளம் இல்லை. உதவி செய்கிற சந்தோஷம்தான் இருந்தது, கொஞ்சம் பெருமையும். கீழே லாரி நிற்கிறது, இங்கே இலக்கு முடிவாகப் போகிறது, ஒரு 'சரி' சொன்னால் இரண்டும் நடந்துவிடும். பழைய தலைவருக்கும் அன்று இவ்வளவு சுலபமாகத்தான் இருந்திருக்கும்.

"என் கையெழுத்தைத் தொடாதே" என்றாள். சொன்ன வேகத்தில் மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "லாட்டைப் பார்த்தது யாரு?"

"நான்தாங்க்கா."

"அப்ப உன் பேரை எழுது. உன் கையெழுத்தைப் போடு."

"ஐயோ, எனக்கு அதிகாரம் இல்லையேக்கா. மருந்துக் கம்பெனிக்காரங்க திருப்பி அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும். அவங்க கிட்ட நான் பேசிக்கிறேன். அதிகாரத்தை இப்ப எழுதி அனுப்பறேன், ரெண்டு நிமிஷம் லாரியை நிறுத்து. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோ. நாளைக்கு அந்தப் பாட்டில் உடைஞ்சா, கடிதம் உன் பேருக்குத்தான் வரும். இப்பச் சொல்லு, விடலாமா?"

மறுமுனையில் விளக்குப் போடும் சத்தம் கேட்டது. ஒரு பாட்டிலைத் திருப்பி வைக்கும் சத்தம், இன்னொன்று, பிறகு இன்னொன்று.

"அக்கா, இன்னொரு தடவை பார்த்துட்டுச் சொல்றேன்" என்றாள் அந்தப் பெண்.

"பாரு. நான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, போனைக் காதிலிருந்து எடுக்காமலே எதிரே இருந்த வெள்ளைத் தாளை இழுத்து, அந்தப் பெண்ணின் முழுப் பெயரை எழுத ஆரம்பித்தாள்.